அத்தியாயம் 7: பந்துக்கும் பந்துக்கும் நடுவில்

செம்பூரில் ஒரு பள்ளி மைதானம். பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான இறுதி ஆட்டம். டாஸ் போட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பையன்களை மர நிழலில் வட்டமாக உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தேன். முந்தின இரவு கண் விழித்து எழுதி, மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு. தாராவிப் பிள்ளைகள் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை என்றேன். அப்பா அம்மா படுகிற பாட்டை நினைத்துப் பாருங்கள் என்றேன். இந்த ஒரு நாள் உங்கள் வாழ்க்கையையே மாற்றும் என்றேன். பத்து நிமிடம் பேசினேன். இரண்டு பையன்களுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

முதல் ஓவரிலேயே இரண்டு விக்கெட் போனது. ஏழாவது ஓவர் முடிவதற்குள் ஐந்து. சாயங்காலம் சயான் போகும் பஸ்ஸில் தொடக்க ஆட்டக்காரன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "காலையில நான் பேசினதுல உனக்கு என்னல ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்: "அம்மா முகம்தான் சார் கண்ணு முன்னால நின்னுச்சு. பந்து தெரியல."

அவனுக்குப் பந்து தெரியாமல் போனதற்குக் காரணம் நான். அம்மாவின் பாடு அவனுக்குத் தெரியாததா? விடியற்காலை நாலு மணிக்கு இட்லிக்கு அடுப்பு பற்றவைக்கும் வீட்டுப் பிள்ளை அவன். அதைத் தோளில் சுமந்துகொண்டுதான் மைதானத்துக்கு வருகிறான். நான் அந்தச் சுமையை இன்னும் கொஞ்சம் கூட்டி, மட்டையைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

இந்த நூலைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் முழுநேரப் பயிற்சியாளர்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை குடியிருப்புப் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு மைதானம் தேடிப் போகிறவர்கள். உங்களிடம் பணம் இல்லை, நல்ல ஆடுகளம் இல்லை. வாய்ச்சொல் ஒன்றுதான் இருக்கிறது. அதனால்தான் ஊக்கம் தரும் சொற்களைத் தேடி அலைகிறோம். ஆட்டக்காரனைத் தூக்கி நிறுத்துகிற சொல், அடுத்த பந்துக்கு அவன் என்ன செய்ய வேண்டும் என்று காட்டுகிற சொல்தான். இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்தது இவ்வளவே. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது.

ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய்

தாராவியிலிருந்து மாகிம் வழியாக நடந்தே போகிற தூரத்தில் சிவாஜி பார்க். அங்கே பயிற்சி தந்தவர் ரமாகாந்த் அச்ரேகர். சச்சின் டெண்டுல்கர், வினோத் காம்ப்ளி, பிரவீன் ஆம்ரே, சந்திரகாந்த் பண்டிட், அஜித் அகார்கர் என்று அவர் கையில் வளர்ந்தவர்களின் வரிசை நீளமானது. 1990இல் துரோணாச்சாரியார் விருது பெற்றார். 2019 ஜனவரி 2 அன்று காலமானார். இத்தனை பேரை உருவாக்கியவர் பெரிய பேச்சாளர் இல்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

சச்சினை முதன்முதலில் அவரிடம் கூட்டிப் போனவர் அண்ணன் அஜித். பதினொரு வயதுப் பையன், புது ஆள் பார்க்கிறாரே என்ற கூச்சத்தில் ஒழுங்காக ஆடவில்லை. 'நீங்கள் போய்விட்டதுபோல் காட்டிக்கொண்டு தூரத்திலிருந்து பாருங்கள்' என்று அஜித் கேட்டுக்கொண்டார். அச்ரேகர் அப்படியே செய்தார். கண் அகன்றதும் பையனின் மட்டை பேச ஆரம்பித்தது. அன்றே சேர்த்துக்கொண்டார். உங்களிடம் புதிதாக வரும் பிள்ளையை முதல் நாளே பக்கத்தில் நின்று திருத்தாதீர்கள். தண்ணீர் குடிக்கப் போங்கள், செருப்பைத் தேடுங்கள், எதையாவது செய்யுங்கள். ஆனால் கண் மட்டும் அவன்மேல் இருக்கட்டும்.

அப்புறம் அந்த நாணயம். கோடை விடுமுறையில் காலையில் நெட், பிறகு ஆட்டம், சாயங்காலம் மறுபடியும் நெட் என்று நாள் முழுக்கப் பயிற்சி. முதல் வருடக் கோடையில் மட்டும் அறுபது நாளில் 55 பயிற்சி ஆட்டங்கள் ஆடியதாகச் சச்சின் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். கடைசிப் பதினைந்து நிமிடத்தில், கை கால் ஓய்ந்து போன நேரத்தில், அச்ரேகர் ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். அவுட் ஆகாமல் நின்றால் நாணயம் பையனுக்கு. அந்த மாதிரி கிடைத்த பதின்மூன்று நாணயங்களைச் சச்சின் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார். அதுவும் முடிந்த பிறகு, பேடும் கையுறையும் கழற்றாமல் சிவாஜி பார்க்கை இரண்டு சுற்று ஓட வேண்டும்.

'களைப்பில்தான் கவனம் சிதறும், களைத்த நேரத்தில் விக்கெட்டை விட்டுக்கொடுக்காதே' என்று அவர் சொல்லியிருக்கலாம். நாமாக இருந்தால் அதைத்தான் சொல்வோம், அரை மணி நேரம் சொல்வோம். அவர் ஒரு நாணயத்தை எடுத்து வைத்தார். பையனுக்கு வேலை என்ன என்பது கண்ணுக்குத் தெரிந்தது. வேலை முடிந்ததா இல்லையா என்பதிலும் சந்தேகம் இல்லை. உங்கள் மனதில் இருக்கும் அறிவுரையை, பிள்ளை கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருளாகவோ ஒரு எண்ணாகவோ மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். மாற்ற முடிந்தால் பேசவே வேண்டாம்.

2013 நவம்பர் 16 அன்று வான்கடே மைதானத்தில் சச்சின் விடைபெற்றபோது, இருபத்தொன்பது வருடத்தில் சார் ஒரு தடவைகூடத் தன்னிடம் 'நன்றாக ஆடினாய்' என்று சொன்னதில்லை, சொன்னால் மிதப்பு வந்துவிடும் என்று நினைத்தார் என்றார். இதைக் கேட்டுவிட்டுப் பாராட்டையே நிறுத்திவிட்ட பயிற்சியாளர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள். அதே உரையில் இன்னொன்றையும் சச்சின் சொன்னார். ஒரு மைதானத்திலிருந்து இன்னொரு மைதானத்துக்கு அந்த சார்தான் தன் ஸ்கூட்டரில் பையனை ஏற்றிக்கொண்டு மும்பை முழுக்க அலைந்தார். ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குத் தன்னை ஒருவர் நம்புகிறார் என்பதை வாயால் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கூட்டர் இல்லாமல் மௌனத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது வெறும் கடுமை.

அறை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மும்பை மைதானங்களில் அதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் அதிகம். தனக்கு ஏற்பாடு செய்திருந்த பயிற்சி ஆட்டத்துக்குப் போகாமல், பள்ளியின் சீனியர் அணி ஆடுவதைப் பார்க்க வான்கடேவுக்குப் போய்விட்டார் சிறுவன் சச்சின். அச்ரேகர் அறைந்தார். நீ அடுத்தவர்களுக்குக் கைதட்ட வராதே, உனக்கு அடுத்தவர்கள் கைதட்டும்படி ஆடு என்றார். இதில் வேலை செய்தது அந்தச் சொல். கை இல்லை. பிள்ளைகளை அடிப்பதைப் பள்ளிகளில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. மைதானத்துக்கு வேறு நியாயம் கிடையாது. அடி வாங்கியும் பெரிய ஆளானவர் கதைதான் நம் காதுக்கு வருகிறது. அடி வாங்கி மறுநாள் வராமல் போன பிள்ளையின் கதையை யாரும் எழுதுவதில்லை.

ஒரு காகிதமும் பென்சிலும்

அமெரிக்காவில் ஜான் வுட்டன் என்று ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளர் இருந்தார். 1964 முதல் 1975 வரை பன்னிரண்டு வருடத்தில் அவருடைய யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணி பத்து முறை தேசியப் பட்டம் வென்றது. அவர் என்னதான் பேசுகிறார் என்று பார்க்க ரோலண்ட் தார்ப், ரொனால்ட் காலிமோர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1974–75இல் அவருடைய பயிற்சிகளுக்குப் போய் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் குறித்தார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். அதில் பாராட்டு 6.9 சதவீதம். அதிருப்தி 6.6 சதவீதம். 75 சதவீதம் வெறும் தகவல்: எதைச் செய், எப்படிச் செய், எப்போது செய். வீர உரையை எதிர்பார்த்துப் போனவர்கள் பார்த்தது ஒரு வாத்தியாரை. சீசனின் முதல் நாள் அவர் சொல்லித்தந்ததே சாக்ஸை மடிப்பு இல்லாமல் போடுவதும் ஷூ லேஸை இறுக்கிக் கட்டுவதும்தான். மடிப்பு இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட்டம் போகும்.

இதை நீங்கள் உங்கள் மைதானத்திலேயே செய்து பார்க்கலாம். மாதுங்கா இந்தியன் ஜிம்கானாவின் கூடைப்பந்துத் தளமானாலும் சரி, தாராவிச் சந்தில் ரப்பர் பந்தானாலும் சரி. ஒரு நண்பரிடம் காகிதமும் பென்சிலும் கொடுத்து அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். மூன்று கட்டம். தகவல் ஒன்று, பாராட்டு ஒன்று, திட்டு ஒன்று. நீங்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கோடு. நான் முதல் தடவை செய்தபோது மூன்று கட்டத்திலும் சேராத கோடுகள்தான் அதிகம்: 'கமான்', 'சலோ சலோ', 'என்னடா இது', 'ஷாபாஷ்'. எல்லாம் சத்தம். 'ஷாபாஷ்' என்று நான் கத்தியதை எந்தப் பையன் எதற்காக எடுத்துக்கொண்டான் என்று எனக்கே தெரியாது. பாராட்டினால் எதைப் பாராட்டுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'பந்து வர்ற வரைக்கும் காத்திருந்த பாரு, அது நல்லா இருந்துச்சு.' அவ்வளவுதான்.

குண்டான்

நம் பிள்ளைகளோடு பேசும்போது ஒரு பெரிய கேள்வி, எந்த மொழியில் பேசுவது? வீட்டில் திருநெல்வேலித் தமிழ், சந்தில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், மைதானத்தில் மராத்தியும் கலந்த இந்தி. என் வழக்கம் இது: எல்லோருக்கும் சொல்வதை எல்லோருக்கும் புரிகிற இந்தியில் சொல்வேன். ஒரு பிள்ளைக்கு மட்டும் சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் போய் அவன் வீட்டு மொழியில் சொல்வேன். திட்டுவதானால் கட்டாயம் அப்படித்தான். ஆனால் அணியில் மராத்திப் பிள்ளையும் உத்தரப் பிரதேசத்துப் பிள்ளையும் இருக்கும்போது தமிழ்ப் பிள்ளைகளோடு மட்டும் தமிழில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் அணி இரண்டாகிவிடும். அதில் கவனம் வேண்டும்.

மேலே சொன்ன அதே தொடக்க ஆட்டக்காரன் இடது கைக்காரன். பந்து வரும்போது அவன் தலை ஆஃப் பக்கம் சாயும். தலை சாய்ந்தால் உடம்பும் சாயும், நேராக வரும் பந்தில் கால் மாட்டும். 'தலையைச் சாய்க்காதே' என்று ஒரு மாதம் சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் சாய்ந்தது. செய்யாதே என்ற சொல்லில் என்ன செய்ய வேண்டும் என்பது இல்லையே.

ஒரு நாள் காலை தாராவியின் 90 அடி சாலையில் அவனைப் பார்த்தேன். பள்ளி விடுமுறை. இட்லி நிறைந்த அலுமினியப் பாத்திரத்தைச் சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு, சட்னித் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, கைவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் புகுந்து போய்க்கொண்டிருந்தான். உடம்பு வளைகிறது, கால் ஒதுங்குகிறது, தலை மட்டும் ஒரு நூல் அசையவில்லை. கண் நேராக இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை நெட்டில் அவன் பக்கத்தில் போய், "தலைமேல அண்டா இருக்குன்னு நெனச்சுக்கல" என்றேன். அவன் சிரித்தான். நின்று பார்த்தான். அடுத்த பந்து மட்டையின் நடுவில் பட்டது.

ஒரு சின்னத் திருத்தம் தேவைப்பட்டது. இந்தியில் அண்டா என்றால் முட்டை. ஆடப் போகிறவனைப் பார்த்து முட்டை என்று கத்தினால் நன்றாகவா இருக்கும்? அவன்தான் 'குண்டான்' என்று மாற்றினான். அதற்குப் பிறகு ஆட்டம் நடக்கும்போது எல்லைக் கோட்டிலிருந்து நான் சொன்னதெல்லாம் அந்த ஒரு சொல்தான். அணியில் வேறு யாருக்கும் அதன் அர்த்தம் தெரியாது. அவனுக்கு அது போதும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படி ஒரு சொல் இருக்கிறது. அது உங்கள் வாயிலிருந்து வராது, அவன் நாள் போகிற வழியில் கிடக்கிறது. குயவர் வீட்டுப் பையனுக்குச் சக்கரத்தில், தையல் மிஷின் ஓட்டுகிறவரின் மகளுக்கு மிதியில். ஒரு வாரத்தில் ஒரு வீட்டுக்காவது போய் வாருங்கள் என்று மூன்றாம் அத்தியாயத்தில் சொன்னதற்கு இதுவும் காரணம்.

சொல்லாமல் விட்ட செய்தி

2021 ஜனவரி 11, சிட்னி. இந்தியா ஆஸ்திரேலியாவோடு ஆடிய டெஸ்ட் ஆட்டத்தின் கடைசி நாள். தொடையில் தசை இழுத்துக்கொண்ட ஹனுமா விஹாரியும், முதுகு வலியால் குனிய முடியாத அஸ்வினும் ஆட்டத்தைக் காப்பாற்ற நிற்கிறார்கள். இருவரும் சேர்ந்து 250க்கும் மேற்பட்ட பந்துகளைச் சமாளித்து டிரா செய்தார்கள். அந்தக் கூட்டணியில் நம் மாதிரிப் பயிற்சியாளர்களுக்கு இரண்டு பாடம் இருக்கிறது.

முதலாவது, ஸ்டம்ப் மைக்கில் கேட்ட தமிழ். ஆந்திரக்காரரான விஹாரிக்குச் சென்னை லீக்கில் ஆடியதால் தமிழ் தெரியும். பத்துப் பத்துப் பந்தாக ஆடுவோம் என்ற பாணியில் அஸ்வின் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். நாட்டின் மானம், தொடரின் முடிவு, எதுவும் இல்லை. பத்துப் பந்து. அது முடிந்தால் இன்னும் பத்து.

இரண்டாவது, அஸ்வினே பின்னாளில் சொன்னது. தலைமைப் பயிற்சியாளர் ரவி சாஸ்திரி ஒரு செய்தியைச் சொல்லி ஷர்துல் தாக்கூரை உள்ளே அனுப்பினார். மும்பைக்காரரான ஷர்துல் ஓடி வந்து, உள்ளே என்னென்னவோ சொல்லச் சொன்னார்கள், நான் எதையும் சொல்லப் போவதில்லை, நீங்கள் ஆடுகிறபடியே ஆடுங்கள் என்றுவிட்டுத் திரும்பிவிட்டார். நான் இதைப் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். செய்தி நல்ல செய்தியாகவே இருந்திருக்கும். ஆனால் ஆடுகிறவர்களின் முகத்தைப் பக்கத்தில் பார்த்தவர் ஷர்துல்தான். எல்லைக் கோட்டில் நிற்கும் நமக்கு அந்த முகம் தெரிவதில்லை. பிள்ளை நன்றாக நிற்கும்போது நம் வாய் அரிக்கிறது பாருங்கள், அந்த நேரத்தில் ஷர்துலை நினைத்துக்கொள்ளுங்கள்.

தோற்ற பிறகு

சாஸ்திரி நம் மாதுங்கா டான் போஸ்கோ பள்ளியில் படித்தவர். 1976இல் அவருடைய பள்ளி ஜைல்ஸ் ஷீல்டு இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றது. மறு வருடம் அவர் தலைமையில் அதே கோப்பையை வென்றது, பள்ளி வரலாற்றில் முதல் முறையாக. பயிற்சியாளர் பி.டி. தேசாய், தாதர் யூனியனுக்கு ஆடியவர். தோல்விக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே பார்த்தவர் சாஸ்திரி என்று எனக்குத் தோன்றும்.

சிட்னிக்கு முன்பு, 2020 டிசம்பர் 19 அன்று அடிலெய்டில் இந்தியா 36 ரன்னில் சுருண்டது. அன்றிரவு நடந்ததை ஃபீல்டிங் பயிற்சியாளர் ஆர். ஸ்ரீதர் பிறகு அஸ்வினிடம் சொன்னார். இந்த 36ஐ ஒரு பேட்ஜ் மாதிரிச் சட்டையில் குத்திக்கொள்ளுங்கள், இதுதான் உங்களைப் பெரிய அணியாக்கும் என்பது சாஸ்திரியின் கருத்து. நல்ல சொல்தான். ஆனால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு நம் பிள்ளைகளிடம் போனால் நான் செம்பூரில் செய்த தவறையே செய்வோம். அந்தச் சொல்லுக்கு அடியில் மாதக்கணக்கில் போட்ட திட்டம் இருந்தது. ஸ்டம்பை நோக்கி நேராக வீசி, லெக் பக்கம் ஆள் நிறுத்தி ஆஸ்திரேலியர்களை மடக்கும் வழியைப் பந்துவீச்சுப் பயிற்சியாளர் பரத் அருண் முன்பே தயார் செய்திருந்தார். பத்து நாளில் மெல்போர்னில் இந்தியா எட்டு விக்கெட்டில் வென்றது. சதம் அடித்த தலைவர் ரஹானே, அச்ரேகரின் மாணவரான பிரவீன் ஆம்ரேயிடம் பயின்றவர்.

உங்கள் அணி தோற்றால் மைதானத்தில் வைத்து எதையும் அலசாதீர்கள். தண்ணீர் கொடுங்கள். சாமான்களை எண்ணிப் பையில் போடுங்கள். ரயிலில் ஒன்றாகத் திரும்புங்கள். அடுத்த பயிற்சிக்கு வரும்போது, தோல்வியிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்து அதற்கான பயிற்சியோடு வாருங்கள். ஐந்து விஷயம் கண்ணில் பட்டிருக்கும். நாலை உங்கள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரிடம் பேசும் சொல்

இதில் ஒரே ஒரு விதிதான். வாக்குக் கொடுக்காதீர்கள். 'உங்க பையன் இந்தியாவுக்கு ஆடுவான்' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். சொன்னால் அந்த வீட்டில் ஒரு வருமானம் நின்றுபோகலாம், ஒரு படிப்பு நின்றுபோகலாம்.

பெண் பிள்ளைகள் வீட்டில் அப்பா கேட்பது வேறு கேள்வி. தாராவிச் சந்தில் பையன்களோடு ஆடித் தொடங்கிய சிம்ரன் ஷேக்கை 2024 டிசம்பரில் குஜராத் ஜயண்ட்ஸ் 1.90 கோடி ரூபாய்க்கு எடுத்தது. பெண்கள் ஐபிஎல்லின் அந்த ஏலத்தில் அதுதான் உச்ச விலை. இந்தத் தொகையைச் சொல்லி அப்பாவை மயக்கப் பார்க்காதீர்கள். எத்தனை மணிக்கு மகள் வீடு திரும்புவாள், யார் கூட வருவார்கள், மைதானத்தில் கழிப்பறை இருக்கிறதா என்பதுதான் அவர் மனதில் இருக்கிறது. "ஆறரைக்குள்ள நானே வீட்டு வாசல்ல கொண்டுவந்து விடுறேன் அண்ணாச்சி" என்று சொல்லி, அப்படியே ஒரு மாதம் செய்யுங்கள். நான் பார்த்த வரையில், இதைவிட உற்சாகம் தந்த சொல் ஒரு பெண் பிள்ளைக்குக் கிடைத்ததில்லை. கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பவள் அவள்தான்.

கடைசியாக ஒன்று. குண்டான்காரன் இப்போது அணித் தலைவன். போன மழைக்காலத்துக்குச் சற்று முன்பு மாதுங்காவில் ஒரு ஆட்டம். எட்டு விக்கெட் போய்விட்டது, இன்னும் பதினொரு ரன் வேண்டும். புதிதாக உள்ளே வந்தவன் பன்னிரண்டு வயதுப் பொடியன். ஹெல்மெட் அவன் தலைக்குப் பெரிசு. முழங்கால் நடுங்குவது எல்லைக் கோட்டில் இருந்த எனக்கே தெரிந்தது. தலைவன் எதிர்முனையிலிருந்து நடந்து போய் ஏதோ சொன்னான். பொடியன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். இரண்டு காலிலும் கட்டினான். அம்பயர் காத்திருந்தார். பந்து வீசுகிறவன் பொறுமையில்லாமல் கையில் பந்தை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு பொடியன் நிமிர்ந்து, கார்டு எடுத்து, முதல் பந்தை நேராகத் தடுத்தான்.

ஆட்டம் முடிந்ததும் தலைவனைக் கேட்டேன். "லேஸ் அவுந்திருந்துச்சால?"

"இல்ல சார். கட்டித்தான் இருந்துச்சு. அவுத்துட்டு மறுபடி கட்டச் சொன்னேன்."